ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ எவ்வளவு தூரம்? ஒரு விமானப் பாதையின் நிகழ்வு ஆய்வு

இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே எவ்வளவு தூரம் என்று கேட்டால் ஒரே ஒரு எண்ணைத்தான் எதிர்பார்ப்போம். இணையத்தில் இரண்டு ஊர்ப் பெயரைத் தட்டினால் அந்த எண் வந்தும் விடும். ஆனால் அது எதை அளந்து வந்த எண், யாருக்கு உதவும் எண் என்று யாரும் சொல்வதில்லை. அதைப் புரிந்துகொள்ள ஹெல்சிங்கி – டோக்கியோ பாதையைப் போல நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

2022 பிப்ரவரி 27 அன்று ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. மறுநாளே ரஷ்யா 36 நாடுகளின் விமான நிறுவனங்களுக்குத் தன் வான்வெளியை மூடியது. அந்த 36-ல் பின்லாந்தும் உண்டு. அதுவரை ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்குச் சுமார் ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்த, பின்லாந்து நிறுவனமான ஃபின்ஏரின் விமானம், மார்ச் 9 முதல் சுமார் 13 மணி நேரம் பறக்க ஆரம்பித்தது. இரண்டு நிலையங்களும் இருந்த இடத்திலேயேதான் இருந்தன. தூரம் காட்டும் இணையதளங்களும் பழைய எண்ணையே காட்டின. இரண்டு பக்கமும் உண்மைதான் என்பதுதான் இந்த ஆய்வின் விஷயம்.

முதலில் அந்தப் பழைய எண்ணைக் கையால் போட்டுப் பார்த்துவிடலாம்.

கணக்கு

ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் அதிகாரபூர்வமான ஒரு குறிப்புப் புள்ளி உண்டு. ஓடுபாதைகளின் அமைப்பை வைத்து, நிலையத்தின் நடுப்பகுதியில் அதைக் குறித்திருப்பார்கள். தூரக் கணக்கு எல்லாம் அந்தப் புள்ளியிலிருந்துதான். ஹெல்சிங்கியின் புள்ளி 60°19′02″ வடக்கு, 24°57′48″ கிழக்கு. டோக்கியோவின் நரிட்டா நிலையத்துக்கு 35°45′53″ வடக்கு, 140°23′11″ கிழக்கு.

இதைத் தசமத்துக்கு மாற்ற வேண்டும். நிறையப் பேருடைய கணக்கு இங்கேதான் கெடுகிறது. 60 பாகை 19 நிமிடம் 2 விநாடி என்பதை 60.1902 என்று எழுதிவிடுகிறார்கள். நிமிடத்தை 60-ஆலும் விநாடியை 3,600-ஆலும் வகுத்துக் கூட்டினால் வருவது 60.3172. இந்த ஒரு எழுத்துப் பிழையில் விமான நிலையமே 14 கி.மீ. தெற்கே நகர்ந்துவிடுகிறது. மற்ற மூன்று எண்களும் இதே முறையில் 24.9633, 35.7647, 140.3864.

தீர்க்கரேகைகளின் வித்தியாசம் 115.4231 பாகை. இனி சூத்திரம்: இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்கு. இரண்டின் கோசைன்களையும் பெருக்கி, அதைத் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கோசைனால் பெருக்கு. இரண்டையும் கூட்டு. வருவது, பூமியின் மையத்தில் அந்த இரண்டு ஊர்களும் உண்டாக்கும் கோணத்தின் கோசைன்.

சைன்களின் பெருக்கம்: 0.86878 × 0.58446 = 0.50777.
கோசைன்களின் பெருக்கம்: 0.49520 × 0.81142 = 0.40182.
115.4231 பாகையின் கோசைன் −0.42930. இதை 0.40182-உடன் பெருக்கினால் −0.17250.
கூட்டினால் 0.33527.

0.33527-ஐக் கோசைனாகக் கொண்ட கோணம் 70.411 பாகை. ரேடியனில் 1.2289. பூமியின் சராசரி ஆரம் 6,371 கி.மீ. பெருக்கினால் 7,829 கி.மீ. கடல் மைலில் வேண்டுமானால் 1.852-ஆல் வகுக்கலாம், 4,227 வரும்.

எக்செல் போன்ற அட்டவணை மென்பொருளில் இதைச் செய்பவர்கள் பாகையை ரேடியனாக மாற்றிவிட்டுத்தான் சைன், கோசைன் போட வேண்டும். மறந்தால் வரும் விடை நம்பும்படியாகக்கூட இருக்கலாம், அதுதான் ஆபத்து. மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி போட மறப்பதும் அடிக்கடி நடக்கும். அப்புறம், இரண்டு நிலையங்களும் மிக அருகில் இருந்தால் இந்தக் கோசைன் சூத்திரம் தடுமாறும். விடை 1-ஐ ஒட்டியே வருவதால் கடைசி இலக்கங்கள் உதிர்ந்துவிடும். அதற்காகத்தான் ஹேவர்சைன் என்ற இன்னொரு வடிவத்தைக் கப்பலோட்டிகள் நெடுங்காலமாகப் பயன்படுத்தினார்கள். நம் பாதை மாதிரி ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் என்றால் எதைப் போட்டாலும் ஒரே விடைதான்.

கோடு ஏன் வடக்கே போகிறது

7,829 கி.மீ. என்பது பெருவட்டப் பாதையின் நீளம். பூமியின் மையம் வழியாக இரண்டு ஊர்களையும் தொட்டு ஒரு வெட்டு வெட்டினால் தரைமேல் விழும் கோடு அது. கோளத்தின் மேற்பரப்பில் இதைவிடக் குறைந்த வழி கிடையாது.

சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் பார்த்தால் டோக்கியோ ஹெல்சிங்கிக்குத் தென்கிழக்கே இருக்கிறது. ஆனால் மேலே உள்ள எண்களை வைத்துப் புறப்படும் திசையைக் கணக்கிட்டால் 51 பாகை வருகிறது, அதாவது வடகிழக்கு. தெற்கே உள்ள ஊருக்குப் போக வடக்கே கிளம்ப வேண்டும். முதல் முறை பார்க்கிறவர்களுக்கு இது நம்பச் சிரமமாகத்தான் இருக்கும். உருண்டையான உலக மாதிரி ஒன்றை எடுத்து, ஒரு நூலை ஹெல்சிங்கியில் பிடித்து டோக்கியோ வரை இழுத்துக் கட்டிப் பாருங்கள். நூல் தானாகவே மேலே ஏறி வடதுருவ வட்டத்துக்கு அந்தப் பக்கம் போய் நிற்கும். கணக்குப்படி அது தொடும் உச்சம் 67.3 பாகை வடக்கு. வடதுருவ வட்டத்தின் மேலேயே அமைந்த ரஷ்ய நகரமான சலெகார்டுக்கு ஏறக்குறைய 90 கி.மீ. வடக்கே. அங்கிருந்து சைபீரியாவைக் குறுக்கே கடந்து, சீனாவின் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தை உரசி, மறுபடி ரஷ்யாவின் தூரக் கிழக்குக் கரையைத் தாண்டி ஜப்பான் கடலில் இறங்குகிறது.

சுவர் வரைபடத்தில் அளவுகோலை வைத்துக் கோடு போட்டு, திசைகாட்டியின் ஒரே கோணத்தை விடாமல் பிடித்துப் போனால் என்ன ஆகும்? அந்தப் பாதையின் நீளத்தையும் கணக்கிடலாம்: 8,780 கி.மீ. சுமார் 950 கி.மீ. கூடுதல். விமானத்துக்கு அது ஒரு மணி நேரத்துக்கும் மேல். மெர்கேட்டர் வகை வரைபடம் துருவத்தை நோக்கிப் போகப் போக எல்லாவற்றையும் நீட்டிக் காட்டுவதால், உண்மையில் குட்டையான வழி அதில் வளைந்து நீண்டதாகத் தெரிகிறது.

பூமி சரியான உருண்டை இல்லையே, அப்படியானால் இந்தக் கணக்கு தப்பா? நியாயமான கேள்வி. நடுக்கோட்டில் ஆரம் 6,378.137 கி.மீ., துருவத்தில் 6,356.752 கி.மீ. ஜிபிஎஸ் பயன்படுத்தும் நீள்வட்டக் கணக்கில் போட்டால் விடை அதிகபட்சம் அரை சதவீத அளவுக்கு மாறும். இது எந்தப் பக்கம் மாறும் என்பதில்தான் ஒரு சுவாரசியம் இருக்கிறது. ஹெல்சிங்கியிலிருந்து வடதுருவம் வரை உருண்டைக் கணக்கில் 3,301 கி.மீ. நீள்வட்டக் கணக்கில் 3,313 கி.மீ. துருவம் தட்டையாக, மையத்துக்கு அருகில் இருக்கிறது, அப்படியிருந்தும் தூரம் கூடுகிறது. தட்டையான இடத்தில் வளைவு குறைவு. வளைவு குறைந்தால் ஒரு பாகை திரும்புவதற்கு அதிக தூரம் நடக்க வேண்டும். நடுக்கோட்டில் ஒரு பாகை அட்சரேகை 110.57 கி.மீ., துருவத்தில் 111.69 கி.மீ.

விமானம் 11 கி.மீ. உயரத்தில் பறப்பதால் அங்கே வட்டம் கொஞ்சம் பெரிது. அந்த வகையில் இந்தப் பாதைக்குக் கூடுவது 13, 14 கி.மீ. இந்தத் திருத்தங்கள் எல்லாம் கற்றுக்கொள்ள நல்லவை. ஆனால் அடுத்து வரப்போகும் 3,000 கி.மீ. வித்தியாசத்தின் முன்னால் இவை பொருட்டே இல்லை. ஆரத்தை ஆறு தசமம் வரை எழுதிவிட்டு, விமானம் எந்த நாட்டின் மேல் பறக்கலாம் என்று பார்க்காமல் விடுவது கணக்கைத் தப்பான இடத்தில் கூர்தீட்டும் வேலை.

ஹெல்சிங்கியின் மூலதனம்

பின்லாந்தின் மக்கள் தொகை சுமார் 55 லட்சம். அவ்வளவு சிறிய நாட்டின் விமான நிறுவனம் ஆசியாவின் பெரிய நகரங்களுக்கெல்லாம் நேரடி விமானம் விட்டது எப்படி? பெருவட்டக் கணக்கே பதில்.

லண்டன் ஹீத்ரோவிலிருந்து நரிட்டா 9,592 கி.மீ. லண்டனிலிருந்து ஹெல்சிங்கி 1,848 கி.மீ., அங்கிருந்து நரிட்டா 7,829 கி.மீ., ஆக 9,677 கி.மீ. ஹெல்சிங்கியில் இறங்கி விமானம் மாறினால் கூடுவது 85 கி.மீ. மட்டுமே. அதாவது லண்டன் – டோக்கியோ பெருவட்டம் ஹெல்சிங்கியைக் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டே போகிறது. ஐரோப்பாவின் பல நகரங்களுக்கு நிலைமை இதை ஒட்டியதுதான். பயணிகளை அங்கங்கே இருந்து திரட்டிக் கொண்டுவந்து ஹெல்சிங்கியில் இறக்கி, ஒரே பெரிய விமானத்தில் ஆசியாவுக்கு அனுப்பலாம். ஃபின்ஏர் பல ஆண்டுகள் இதையே தன் வியாபாரமாக வைத்திருந்தது, ஆசியாவுக்குக் குறுக்குவழி என்றே விளம்பரமும் செய்தது.

அந்த 7,829 கி.மீ. கோட்டில் பெரும்பகுதி ஒரே நாட்டின் மேல் போகிறது என்பதுதான் அந்த மூலதனத்தின் பலவீனம். எல்லை மூடிய அன்று பூகோளம் கொடுத்த அனுகூலம் முழுவதும் போய்விட்டது. இது பின்லாந்துக்குப் புதிதும் அல்ல.

துருவம் சுற்றிய வழி

பனிப்போர்க் காலத்தில் சோவியத் வான்வெளி மேற்கத்திய விமானங்களுக்குப் பெரும்பாலும் பூட்டிய கதவுதான். ஸ்கேண்டிநேவிய நிறுவனமான எஸ்ஏஎஸ் 1957 பிப்ரவரியில் கோபன்ஹேகனிலிருந்து வடதுருவப் பகுதி வழியாக அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி, எரிபொருள் நிரப்பி, டோக்கியோ போகும் சேவையைத் தொடங்கியது. ஆங்கரேஜ் அந்த நாட்களில் ஐரோப்பா – ஜப்பான் பயணிகள் கால் நீட்டும் இடமாக இருந்தது. 1983-ல் ஃபின்ஏர் கூடுதல் எரிபொருள் தொட்டி பொருத்திய டிசி-10 விமானத்தைக் கொண்டு, ஆங்கரேஜிலும் இறங்காமல், துருவத்தைக் கடந்து பெரிங் நீரிணை வழியாக நேரே டோக்கியோ சென்றது. மேற்கு ஐரோப்பாவிலிருந்து இடையில் நிற்காமல் ஜப்பான் போன முதல் சேவை அது. அப்போதும் பயண நேரம் சுமார் 13 மணிதான். கிட்டத்தட்ட நாற்பது ஆண்டுகள் கழித்து, ஏ350 என்ற புத்தம் புதிய வகை விமானம் அதே வழியை அதே நேரத்தில் பறந்தது.

இந்த வழியின் நீளத்தை நாமே கணக்கிடலாம். ரஷ்யாவைத் தொடாமல் போக வேண்டும் என்றால் பாதையைத் துண்டுகளாக உடைக்க வேண்டும். ஒவ்வொரு துண்டும் ஒரு பெருவட்டம்.

ஹெல்சிங்கியிலிருந்து நேர் வடக்கே, நார்வேயின் வடமுனையையும் ஸ்வால்பார்டு தீவுக்கூட்டத்தின் கிழக்குப் பகுதியையும் கடந்து துருவம்: 3,301 கி.மீ. துருவத்திலிருந்து பெரிங் நீரிணையின் அமெரிக்கப் பக்கம், 65.8 பாகை வடக்கு: 2,691 கி.மீ. அங்கிருந்து புனித லாரன்ஸ் தீவை ஒட்டி அலூஷியன் தீவுகளின் மேற்கு முனையான அட்டு தீவு வரை: 1,800 கி.மீ. அட்டுவிலிருந்து கூரில் தீவுகளுக்கு வெளியே, பசிபிக் கடல் மேலாக நரிட்டா: 3,174 கி.மீ. மொத்தம் 10,966 கி.மீ.

இது நான் தேர்ந்த புள்ளிகளை வைத்துப் போட்ட கணக்கு. உண்மையில் விமானம் துருவப் புள்ளியை மிகச் சரியாகத் தொடாது, புறப்படும்போதும் இறங்கும்போதும் ஓடுபாதைக்கு ஏற்பச் சுற்றும், நடுவிலும் வகுக்கப்பட்ட வழிகளில்தான் போகும். ஆகவே அன்றாடம் பறக்கும் தூரம் நாளுக்கு நாள் மாறும். ஆனாலும் அளவு புரிந்துவிடுகிறது. 7,829-ஐ விட 3,137 கி.மீ. கூடுதல், அதாவது 40 சதவீதம்.

ஒன்பதரை மணி, 13 மணி என்ற பயண நேரங்களோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. மணிக்கு 900 கி.மீ. வேகம் என்று வைத்தால் முதல் தூரத்துக்கு 8.7 மணி, இரண்டாவதற்கு 12.2 மணி. தரையில் ஊர்வதற்கும் ஏறி இறங்குவதற்கும் முக்கால் மணியைச் சேர்த்தால் இரண்டுமே பொருந்துகின்றன. எந்தத் தூரக் கணக்கையும் இப்படி விமான அட்டவணையோடு உரசிப் பார்க்கலாம். பொருந்தவில்லை என்றால் கணக்கு தப்பாக இருக்கும், அல்லது நடுவில் நுழைய முடியாத வான்வெளி ஒன்று இருக்கும்.

துருவத்திலிருந்து ஏன் பெரிங் வரை சுற்ற வேண்டும், நேராகவே ஜப்பானுக்கு இறங்கலாமே என்று கேட்கலாம். அப்படி இறங்கினால் மொத்தம் 9,331 கி.மீ.தான். ஆனால் அந்தக் கோடு யாகூத்தியா வழியாக ரஷ்யாவின் நடு நெஞ்சில் போகிறது.

கடைசித் துண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அலாஸ்காவிலிருந்து ஆசியாவுக்கு வரும் விமானங்களுக்கு கம்சத்கா தீபகற்பமும் கூரில் தீவுகளும் வலப்பக்கமாகவே நீண்டு வரும். விமானிகளிடம் ஒரு மனக்கணக்கு உண்டு: 60 மைல் பறந்தால் ஒரு பாகைப் பிழை உன்னை ஒரு மைல் விலக்கும். 3,174 கி.மீ. நீளமுள்ள துண்டில் ஒரு பாகைப் பிழை 50 கி.மீ.க்கு மேல் தள்ளிவிடும்.

ஃபின்ஏர் தன் துருவ வழியைத் தொடங்கிய அதே 1983-ல், செப்டம்பர் 1 அன்று, ஆங்கரேஜிலிருந்து தென் கொரியாவின் சியோலுக்குப் புறப்பட்ட கொரியன் ஏர் லைன்ஸ் 007 விமானம் வழி விலகியது. கம்சத்காவின் மேலேயே பறந்தது, பிறகு சோவியத் தீவான சகாலினை எட்டியது, அங்கே சோவியத் போர் விமானம் அதைச் சுட்டு வீழ்த்தியது. 269 பேரும் இறந்தார்கள். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐசிஏஓ 1993-ல் வெளியிட்ட விசாரணை முடிவின்படி, தானியங்கிச் செலுத்தி வழிகாட்டும் கருவியோடு இணையாமல் ஒரே காந்தத் திசையைப் பிடித்தபடி போயிருந்தது. முன்பு பார்த்தோமே, ஒரே கோணத்தைப் பிடித்துப் போகும் வழிக்கும் பெருவட்டத்துக்கும் உள்ள இடைவெளி, அதன் கொடூரமான முகம் இது. அந்த மாதமே அமெரிக்க அதிபர் ரீகன், ஜிபிஎஸ் தயாரானதும் அது சிவில் விமானங்களுக்கும் கிடைக்கும் என்று அறிவித்தார். இன்று நாம் பாகையில் நான்கு தசமம் வரை எழுதும் விமான நிலையப் புள்ளிகளுக்குப் பின்னால் அந்த இரவும் இருக்கிறது.

துருவத்தின் மேல் பறப்பதற்கென்றே சில கவலைகள் உண்டு. காந்த ஊசியை அங்கே நம்ப முடியாது, உண்மை வடக்கை வைத்துத்தான் திசை பார்க்க வேண்டும். ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை −47 பாகை செல்சியஸ். மணிக்கணக்காகக் கடுங்குளிரில் பறக்கும்போது இறக்கையில் உள்ள எரிபொருளின் வெப்பநிலையைக் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும், தேவைப்பட்டால் உயரத்தை மாற்ற வேண்டும். ஒரு எஞ்சின் நின்றால் மற்றொன்றை வைத்துக்கொண்டு குறித்த நேரத்துக்குள் போய்ச் சேர ஒரு நிலையம் வேண்டும். ஆர்க்டிக்கில் அப்படிப்பட்ட நிலையங்கள் கைவிட்டு எண்ணும் அளவுக்குத்தான். பயணிகளுக்கு இதெல்லாம் தெரியாது. அவர்களுக்கு வடதுருவத்தைக் கடந்ததற்கு ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள்.

காற்று போடும் கணக்கு

துருவ வழி ஒன்றே வழி என்றும் இல்லை. கொரியா, சீனா, கஜகஸ்தான் வழியாகத் தெற்கே சுற்றும் பாதையும் உண்டு. அன்றைக்கு எந்த வழி என்பதைத் தீர்மானிப்பதில் கிலோமீட்டரைவிடக் காற்றுக்குப் பெரிய பங்கு.

விமானம் காற்றுக்குள் பறக்கிறது, காற்று தரைக்கு மேல் நகர்கிறது. 10,966 கி.மீ. பாதையில் சராசரியாக மணிக்கு 100 கி.மீ. எதிர்க்காற்று என்று வைத்துக்கொள்வோம். விமானத்தின் வேகம் 900 என்றால் தரை வேகம் 800. பயணம் 13.7 மணி. அந்த நேரத்தில் அது காற்றுக்குள் பறந்திருப்பது சுமார் 12,340 கி.மீ. அதே காற்று பின்னால் இருந்து தள்ளினால் தரை வேகம் 1,000, பயணம் 11 மணிக்குச் சற்றுக் குறைவு, காற்றுக்குள் பறந்தது 9,870 கி.மீ. எரிபொருள் செலவாவது இந்தக் காற்றுத் தூரத்துக்குத்தான். வழி வகுக்கும் அலுவலகத்தில் இருப்பவர்கள் ஒவ்வொரு நாளும் தேடுவது இந்த எண்ணின் மிகக் குறைந்த அளவை. தரையில் 500 கி.மீ. சுற்றினாலும் காற்றில் மிச்சம் பிடிக்க முடியும் என்றால் சுற்றவே செய்வார்கள்.

ஜப்பானின் மேலே இது இன்னும் முக்கியம். குளிர்காலத்தில் அங்கே மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் உயர்மட்டக் காற்றோட்டம் மணிக்கு 300 கி.மீ.யையும் தாண்டும். அதை முதலில் அளந்து எழுதியவர் வசபுரோ ஓய்ஷி என்ற ஜப்பானிய வானிலை அறிஞர். 1920-களில் டதேனோ ஆய்வு நிலையத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு அவற்றின் ஓட்டத்தைப் பின்தொடர்ந்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று 1926-ல் தன் அறிக்கையை, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராந்தோவில் வெளியிட்டார், அதனாலேயே வெளியே பலர் கண்ணில் அது படாமல் போயிற்று. அந்த டதேனோ இன்றைய நரிட்டா விமான நிலையத்திலிருந்து 40 கி.மீ. தொலைவில்தான் இருக்கிறது.

தூரம் 40 சதவீதம் கூடினால் எரிபொருளும் 40 சதவீதம்தான் கூடும் என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. 13-வது மணியில் எரிக்க வேண்டிய எரிபொருளை முதல் 12 மணி நேரமும் சுமக்க வேண்டும், சுமப்பதற்கே இன்னும் எரிபொருள் வேண்டும். நீளமான பாதையில் இந்தச் சுமைக் கணக்கு வேகமாக ஏறும். அதை ஈடுகட்டச் சரக்கைக் குறைக்க வேண்டியிருக்கும், சில சமயம் இருக்கைகளையும் காலியாக விட வேண்டியிருக்கும்.

எந்த எண் யாருக்கு

இவ்வளவுக்குப் பிறகும் 7,829 என்ற எண் செத்துப்போகவில்லை. சட்டத்தில் அதற்கு உயிர் இருக்கிறது.

விமானம் ரத்தானாலோ மிகவும் தாமதமானாலோ பயணிக்கு இழப்பீடு தர வேண்டும் என்று சொல்லும் ஐரோப்பிய ஒழுங்குமுறை 261/2004, தொகையைத் தூரத்தை வைத்துப் பிரிக்கிறது. 1,500 கி.மீ. வரை 250 யூரோ. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு உள்ளே அதற்கு மேற்பட்ட தூரத்துக்கும், மற்றவற்றில் 3,500 கி.மீ. வரைக்கும் 400 யூரோ. அதற்கு மேல் 600 யூரோ. தூரத்தைப் பெருவட்ட முறையில்தான் அளக்க வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. எனவே துருவம் சுற்றிப் போனாலும், தெற்கே சுற்றிப் போனாலும் டோக்கியோ பயணியின் தூரம் மாறாது.

ரோமிலிருந்து பிரசல்ஸ் வழியாக ஹாம்பர்க் போன சில பயணிகளின் வழக்கு இதை இன்னும் தெளிவாக்குகிறது. இரண்டு விமானங்களின் தூரத்தைக் கூட்டினால் 1,500 கி.மீ.யைத் தாண்டும், அப்போது ஆளுக்கு 400 யூரோ. ரோம் – ஹாம்பர்க் நேர்த்தூரம் என்றால் சுமார் 1,326 கி.மீ.தான், அப்போது 250. ஐரோப்பிய நீதிமன்றம் 2017 செப்டம்பரில் நேர்த்தூரத்தையே எடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. நேரடி விமானத்தில் போனவரும் மாறிப் போனவரும் சேர வேண்டிய ஊருக்குத் தாமதமாகச் சேர்ந்ததால் பட்ட தொல்லை ஒன்றுதான் என்பது அதன் வாதம். இது சரியான தீர்ப்பு என்றே நினைக்கிறேன். நிறுவனம் எந்த வழியாகக் கொண்டுபோகிறது என்பது பயணியின் கையில் இல்லை, ஆகவே வழி மாறும்போதெல்லாம் மாறாத ஒரு எண்தான் இதற்குப் பொருத்தம்.

கரியமிலக் கணக்கில் அதே எண்ணைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவதைத்தான் ஏற்க முடியவில்லை. ஐசிஏஓவின் கணிப்பு முறை, விமானங்கள் நேர்க்கோட்டில் பறப்பதில்லை என்பதற்காகப் பெருவட்டத் தூரத்தோடு ஒரு சிறு தொகையைக் கூட்டுகிறது: 550 கி.மீ.க்குக் குறைந்த பயணத்துக்கு 50 கி.மீ., 5,500 வரை 100 கி.மீ., அதற்கு மேல் 125 கி.மீ. சாதாரணப் பாதைகளுக்கு இது நியாயமான திருத்தம். ஹெல்சிங்கி – டோக்கியோவுக்கு இதைப் போட்டால் 7,829 + 125, அதாவது 7,954 கி.மீ. வானத்தில் பறப்பதோ 10,966 கி.மீ.க்கு மேல். ஒரு பயணத்துக்கு 3,000 கி.மீ. அளவு புகை கணக்கிலேயே வராமல் போகிறது. தன் பயணத்தின் மாசை நேர்மையாகத் தெரிந்துகொள்ள நினைக்கும் பயணிக்கு அந்த இடத்தில் தப்பான விடைதான் கிடைக்கிறது.

இதற்குத் தீர்வு கடினமும் இல்லை. ஒரு பாதையில் ஒரு வாரம் உண்மையில் பறந்த தடங்களை எடுத்துச் சராசரி பார்த்தால் போதும். தடங்களைப் பதிவு செய்து காட்டும் சேவைகள் எல்லோருக்கும் திறந்தே இருக்கின்றன. அதுவும் முடியாதவர்கள் மேலே செய்தது போலப் பாதையை நான்கைந்து துண்டாக உடைத்து, மூடிய வான்வெளியைச் சுற்றி, ஒவ்வொரு துண்டுக்கும் அதே கோசைன் சூத்திரத்தைப் போட்டுக் கூட்டலாம். ஹெல்சிங்கிக்குச் செய்தது போலவே லண்டன் – டோக்கியோவுக்கும் பாரிஸ் – சியோலுக்கும் செய்து பார்க்கலாம். ரஷ்யத் தடைக்குள் வராத சீன, இந்திய விமானங்களுக்கு மட்டும் பழைய கோடே பெரும்பாலும் பொருந்தும். ஒரே இரண்டு ஊர்களுக்கு நடுவே, விமானத்தின் வாலில் உள்ள கொடியைப் பொறுத்து இன்று இரண்டு தூரங்கள் இருக்கின்றன.